வெறும் வயிற்றுச் சர்க்கரை

பிளாக் 19, நெய்வேலி
6 மார்ச் 2016

தேவயானிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டால் நீ பதிலுக்கு என் நலத்தைக் கேட்பாய். நம் சண்டையே அங்கேதான் இருக்கிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

போனில் இனிமேல் பேச வேண்டாம். போன வாரம் மூன்று முறை பேசினோம். மூன்று முறையும் "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் ஆரம்பித்தாய். நான் இரண்டு இட்லி மட்டும் தின்றிருந்தாலும் உன் குரலைக் கேட்டதும் நாக்கு குழறுகிறது. கல்யாணமான பதினாறு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. காகிதத்திலாவது குழறாமல் இருக்கிறேனா என்று பார்ப்போம்.

நடந்ததை நான் பார்த்தபடி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சிங்காரவேல் மகளுக்குக் காதுகுத்து, மந்தாரக்குப்பம் மண்டபம். சுரங்கத்தில் என்னோடு மெஷினில் ஏறுகிற ஆட்கள் அத்தனை பேரும் ஒரே பந்தியில். பரிமாறுகிறவன் என் இலையில் ஜாங்கிரி வைத்தான், நான் கேட்கவில்லை. நீ எழுந்து வந்து குனிந்து அதை எடுத்தாய். அதோடு விட்டிருந்தால் பொண்டாட்டி அக்கறை என்று சிரித்திருப்பார்கள். "திருட்டுத்தனமா தின்னது போதாதா? ரிப்போர்ட்ல நூத்தி அறுபத்தெட்டு வந்திருக்கு" என்றாய். பந்தி முழுக்கக் கை நின்றுபோனது.

நான் நூற்றிரண்டு கிலோ. ஒப்புக்கொள்கிறேன். கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் சொன்னது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்த்திகையிலிருந்து டீயில்கூடச் சர்க்கரை போடவில்லை. வெறும் வயிற்றில்தான் லேபுக்குப் போனேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது "ரத்தம் பொய் சொல்லாது" என்றாய். அப்படியானால் பொய் சொல்வது நான். மறுநாள் நீ ஹைதராபாத்துக்கு ரயில் ஏறினாய். உன் ஆராய்ச்சியின் கடைசி வருஷத்துக்கு எப்படியும் போக வேண்டியவள்தான். ஆனால் போவது வேறு, இப்படிப் போவது வேறு.

இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டிவிட்டுப் படுக்கிறேன். தூக்கம் வருவதில்லை, அதன் ஓரத்தில்தான் கிடக்கிறேன். நேற்று சுரங்கத்தின் அடியில் தனியாக நடப்பதாகக் கனவு. தரை மெத்தென்று இருந்தது, இளஞ்சூடாக மழை பெய்தது, மண் கொண்டுபோகிற பெல்ட்டெல்லாம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விழித்தால் பக்கத்து வீட்டு தனபாக்கியம் அக்கா பால் பாக்கெட்டோடு வாசலில் நிற்கிறார்.

நீ வருவதும் வராததும் அப்புறம். நான் திருடித் தின்னவில்லை. அதை நீ நம்ப வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

அறிவுச்செல்வன்


ஹைதராபாத்
19 மார்ச் 2016

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குழறவில்லை, நன்றாகவே திட்டியிருக்கிறீர்கள்.

மண்டபத்தில் வைத்து அப்படிப் பேசியது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் ஆட்கள் முன்னால் உங்களைக் குனிய வைத்தது என் வாய். அந்தப் பந்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கே முகம் சுடுகிறது.

ஆனால் சொன்ன இடம்தான் தப்பு, சொன்ன விஷயம் தப்பு என்று என்னால் எழுத முடியவில்லை. மூன்று மாதம் இனிப்பே தொடாத மனிதருக்கு வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு ஏன் வருகிறது? நான் பயோகெமிஸ்ட்ரி படித்தவள். கணவர் என்பதற்காக ஒரு எண்ணைப் பார்க்காத மாதிரி இருக்க எனக்குத் தெரியவில்லை.

இங்கே என் வேலையும் கொழுப்போடுதான். கொழுப்புக் கலந்த தீவனம் கொடுத்துக் குண்டாக்கிய எலிகள். மூளையிலிருந்து கல்லீரலுக்கு ஒரு நரம்பு போகிறது. ஆபத்து வந்தால் உடம்பை உசுப்பிவிடுகிற நரம்பு. அதை அடக்கிவிட்டால் குண்டு எலியின் சர்க்கரை என்ன ஆகிறது என்று பார்க்கிறேன். எலிக்கு ராத்திரிதான் பகல். நாங்கள் வேலை செய்யும் நேரத்தில் அவை விழித்திருக்க வேண்டும் என்பதற்காக, பகல் முழுக்க அறையை இருட்டாக்கிவிட்டு, ராத்திரியில் விளக்கைப் போடுகிறோம். காலை பத்து மணிக்கு உள்ளே போனால் கும்மிருட்டு, ஒரு சிவப்பு விளக்கு, நூறு சின்ன மூச்சுகள். வெளியே வந்து வெயிலைப் பார்த்தால் எந்த நாள் என்று மறந்துவிடுகிறது. சில சமயம் அந்த மூச்சுக்கு நடுவே உங்கள் குறட்டை கேட்கிறது.

தினமும் நடங்கள். டாக்டரைப் பாருங்கள். அடுத்த ரிப்போர்ட் எடுத்தால் அனுப்புங்கள்.

தேவயானி


பிளாக் 19, நெய்வேலி
8 மே 2016

தேவயானிக்கு,

ரிப்போர்ட் கேட்டாய். இத்துடன் இருக்கிறது. வெறும் வயிறு, நூற்று எழுபத்தொன்று.

பிப்ரவரியில் வந்ததைவிட மூன்று கூட. இந்த முறை சர்க்கரை டப்பாவையே தனபாக்கியம் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். வெல்லம் வீட்டில் இல்லை. அந்த அம்மாள் நான் சமைக்கிறபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். "தம்பி, அது இன்னா சட்டியில கிண்டிகினு இருக்கீங்க?" என்கிறார். கொள்ளு. கொள்ளுதான் அக்கா என்று கரண்டியில் தூக்கிக் காட்டுகிறேன். நாற்பத்தாறு வயதில் ஒரு ஆண்பிள்ளைக்கு வந்த நிலைமை.

கம்பெனியில் வருஷ மெடிக்கல் முடிந்தது. சர்க்கரை ஏறியிருக்கிறது, டிசம்பரில் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அதுவரை உணவு, நடை. டிசம்பரிலும் அப்படியே இருந்தால் மெஷினிலிருந்து இறக்கி டூல் ரூமில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். உண்மையோ பொய்யோ தெரியாது. மெஷினின் அந்தப் பெரிய சக்கரம் சுற்றி மண்ணை வாரும்போது மேலே கேபினில் நான் உட்கார்ந்திருப்பதை நீ பார்த்ததில்லை. உடம்பு எட்டு மணி நேரம் அசையாமல் இருக்கும். காது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பெல்ட் கிளம்புகிற ஹாரன், நிற்கிற ஹாரன், எங்கேயாவது மண் சரிகிற சத்தம். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காது இறங்கி வருவதில்லை.

நேற்றுக் கனவில் நம் குவார்ட்டர்ஸ் பரணில் யாரோ உட்கார்ந்து சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். கதவெல்லாம் பூட்டி இருந்தது. "போதும், நிறுத்துங்க" என்று நான் கத்துகிறேன். கொட்டுகிற ஆளுக்குக் கேட்கிறது, தலையைக்கூட ஆட்டுகிறார். ஆனால் கை நிற்கவில்லை. வீடு முழுக்க வெள்ளையாக நிறைந்து, நான் அதில் மிதந்து ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டேன். பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம்.

தின்னாமலே சர்க்கரை எப்படி ஏறும்? படித்தவள் நீதானே, சொல்லு. எனக்குக் கேட்க வேறு யாரும் இல்லை.

அறிவு


ஹைதராபாத்
2 ஜூன் 2016

உங்களுக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தின்னாமலும் ஏறும். கல்லீரல் தானே சர்க்கரை செய்யும். பசியில் நாம் மயங்கி விழாமல் இருப்பது அதனால்தான். வேண்டிய அளவு வந்ததும் இன்சுலின் போய் "போதும்" என்று சொல்லும், கல்லீரல் நிறுத்தும். குண்டான உடம்பில் கல்லீரல் அந்தப் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதற்குத்தான் உலகம் முழுக்க ஆயிரம் பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆயிரத்தில் நானும் ஒருத்தி.

ஆனால் ஆறு மாதக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு குறையாமல் கூடுவது எப்படி? நீங்கள் எழுதியதை நம்ப ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதும் நம்புவதும் ஒன்றாக இல்லையே, அதற்கு நான் என்ன செய்வேன்? என் அப்பா அய்யாசாமியை உங்களுக்குத் தெரியும். கால் விரலை எடுக்கிறவரைக்கும் "நான் ஒண்ணும் சாப்பிடலம்மா" என்று சத்தியம் பண்ணினார். அவர் போன பிறகு ஆபீஸ் பீரோவில் மைசூர்பாகு டப்பா இருந்தது. அந்த டப்பாவைத் திறந்த கை இது. உங்கள் வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூடி திறக்கிற சத்தம் கேட்கிறது.

எலிகளுக்கு அறுவை முடித்துவிட்டேன். பாதிக்கு வயிற்றைத் திறந்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயின் மேல் பீனால் தடவி அந்த நரம்பை அடக்கியிருக்கிறேன். மீதிக்குத் திறந்து, எதுவும் செய்யாமல் தைத்துவிட்டேன். எல்லாவற்றையும் தினமும் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்துப் பழக்குகிறோம். பயந்த எலியிடம் எடுத்த ரத்தம் எதற்கும் உதவாது.

ஒரு விஷயம். ஆராய்ச்சி முடிந்த பிறகு இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே வேலை தருகிறோம் என்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். முன்பென்றால் கேட்டதுமே முடியாது என்றிருப்பேன். இப்போது சொல்லவில்லை. சந்தேகத்தோடு வந்து உங்கள் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட இங்கேயே இருப்பது இரண்டு பேருக்கும் நல்லதோ என்னவோ.

தேவயானி


பிளாக் 19
30 ஜூன் 2016

தேவயானிக்கு,

செத்துப்போன உன் அப்பாவின் டப்பாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

அங்கேயே இரு. நல்ல வேலை, விடாதே. கேட்டாயே என்று மூன்றாவது ரிப்போர்ட்டையும் வைத்திருக்கிறேன். நூற்றுத் தொண்ணூற்றாறு. பார்த்துச் சந்தோஷப்படு.

அறிவுச்செல்வன்


ஹைதராபாத்
21 செப்டம்பர் 2016

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்து கிழித்துப்போட்டது நான்கு. இதைக் கிழிக்க மாட்டேன், ஏனென்றால் இதில் எழுதப்போவது எனக்கு எதிரான சாட்சி.

எங்கள் எலி அறையைப் பார்த்துக்கொள்பவர் மாணிக்கம்மாள். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ், இங்கே பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். போன மாதம் ஒரு முக்கியமான ரத்தப் பரிசோதனை. முந்தின சாயங்காலமே தீவனத்தை எடுத்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால், நரம்பை விட்டுவைத்த குண்டு எலிகளுக்கெல்லாம் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருக்கிறது. மாணிக்கம்மாளைக் கூப்பிட்டேன்.

"ராத்திரி தீவனம் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"பாவம்னு கொஞ்சம் போட்டிருப்பீங்க. சொல்லிடுங்க. ரத்தம் பொய் சொல்லாது."

அந்த அம்மாள் மேலே போட்டிருந்த கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். "அது என்னா சொல்லுதோ எனக்குத் தெரியாதும்மா. நான் போடல. பன்னெண்டு வருசத்துல யாரும் என்னை இப்பிடிக் கேட்டதில்ல" என்றார். கண்ணில் தண்ணீர் இல்லை. குரல் மட்டும் உங்கள் குரல் மாதிரி இருந்தது.

தீவனத் தொட்டியை எடைபோட்டுப் பார்த்தேன். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. மனுஷியை நம்பாமல் தராசு சொன்ன பிறகுதான் நம்பினேன். வெட்கத்தோடு போய் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார். "ராத்திரி பூரா அடுத்த ரூம் செவுத்தைத் தொளைக்கிறாங்கம்மா, பத்து நாளா. பகல்ல உங்களுக்கெல்லாம் தொந்தரவா இருக்குமாம். எலிங்க ஒண்ணும் தூங்கல. உங்ககிட்ட யார் சொல்றது?"

மனிதர்களுக்குத் தொந்தரவாகக் கூடாதென்று ராத்திரியில் டிரில் போட்டிருக்கிறார்கள். எலிகளுக்கு அதுதான் தூங்கும் நேரம். பத்து நாளாகத் தூங்காமல், வெறும் வயிற்றோடு, காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கின்றன. உடனே வேலையை நிறுத்தச் சொன்னோம்.

பிறகுதான் மற்ற எலிகளின் எண்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஒல்லி எலிகளுக்கும் அதே சத்தம்தான், கொஞ்சம் ஏறியிருந்தது, இன்சுலின் கொடுத்ததும் அடங்கிவிட்டது. நரம்பை அடக்கிய குண்டு எலிகள் அதே அறை, அதே சத்தம், அதே பசி, அதே எடை. அவற்றுக்கு அவ்வளவு ஏறவே இல்லை. நரம்பு இருந்த குண்டு எலிகளுக்கு மட்டும்தான் கல்லீரல் கை நிற்காமல் கொட்டியிருக்கிறது. கல்லீரலுக்கு இன்சுலின் சொல்வது கேட்காமல் இல்லை. கேட்கிறது. ஆனால் பின்னாலிருந்து அந்த நரம்பு "ஆபத்து, ஊற்று, ஊற்று" என்று விடாமல் கத்துகிறது. குண்டான உடம்பில் அது அமைதியான நாளிலேயே கத்திக்கொண்டுதான் இருக்கிறது. தூக்கமும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

அன்று சாயங்காலம் உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பரணில் உட்கார்ந்து கொட்டுகிற ஆள், கேட்கிறது, தலையை ஆட்டுகிறார், கை நிற்கவில்லை. சிவப்பு விளக்கில் அந்த வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. நான் இரண்டு வருஷம் எலிகளை அறுத்துத் தெரிந்துகொண்டதை நீங்கள் தூக்கத்தில் பார்த்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நான் பதிலுக்கு அப்பாவின் டப்பாவைப் பற்றி எழுதினேன்.

ஒன்று கேட்க வேண்டும். பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ரத்தம் கொடுக்கப் போகும் முன்பு நீங்கள் எப்போது தூங்கினீர்கள்?

தேவயானி


பிளாக் 19, நெய்வேலி
5 அக்டோபர் 2016

அன்புள்ள தேவயானி,

உன் கடிதத்தைக் கேபினில் வைத்துப் படித்தேன். ஹாரன் அடித்தது காதில் விழவில்லை, கீழேயிருந்து சிங்காரவேல் கத்திய பிறகுதான் மெஷினை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

எப்போது தூங்கினேன் என்றா கேட்கிறாய்? தூங்கவில்லை. பிப்ரவரியில் அது ஆறாவது நைட் ஷிப்ட். காலையில் ஷிப்ட் பஸ்ஸில் வந்து மந்தாரக்குப்பத்தில் இறங்கி நேராக லேபுக்குப் போனேன். மே மாதமும் அப்படித்தான். நான் மட்டுமில்லை, இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். கம்பெனி மெடிக்கலுக்கு முன்னால் வெளியே ஒரு வெள்ளோட்டம் பார்ப்பது வழக்கம், அதற்கு நைட் முடிந்து வருகிற காலையைத்தான் எல்லோரும் வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் போனால் படுத்துவிடுவோம், பிறகு யார் எழுந்து வெறும் வயிற்றோடு போவது? சிங்காரவேலைக் கேட்டேன். "ராத்திரி பூரா ஒண்ணும் துன்னாம வந்துகினு இருக்கோம், இத வுட வெறும் வயிறு இன்னா இருக்கு?" என்றான். வயிற்றை மட்டும்தான் பார்த்தோம். மற்றபடி உடம்பு முழுக்க விழித்துக்கொண்டு நின்றதை யாரும் நினைக்கவில்லை.

நீ நம்பிவிட்டாய் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் நீ என்னை முழு யோக்கியனாக்கிவிட்டால் தூக்கம் வராது. ஜூன் மாத ரிப்போர்ட்டை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதே. டப்பா கடிதம் வந்த மறுநாள் மந்தாரக்குப்பம் மிட்டாய்க் கடைக்குப் போனேன். ஜாங்கிரி வாங்கி ரோட்டில் நின்றே தின்றேன். தண்டனை கொடுத்தாயிற்று, குற்றத்தையாவது செய்துவிடலாம் என்று ஒரு வீம்பு. அன்றைக்கு மட்டுமில்லை, அந்த மாதம் முழுக்கத் தினமும். ருசியாகவும் இல்லை. பிறகு ரிப்போர்ட் எடுத்து, சொல்லாமல் உனக்கு அனுப்பினேன். பிப்ரவரியும் மேயும் சத்தியமாக நான் சொன்னபடிதான். ஜூன் திருட்டு. இதைச் சொன்னால் முதல் இரண்டையும் நீ மறுபடி சந்தேகப்படலாம். பரவாயில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அறிவு


ஹைதராபாத்
20 அக்டோபர் 2016

அன்புள்ள உங்களுக்கு,

ரோட்டில் நின்று ஜாங்கிரி தின்ற இடத்தில் முதலில் சிரித்துவிட்டேன். உங்கள் தொப்பையும் வீம்பும் கண் முன்னால் வந்தது. அப்புறம் அழுகை. அந்த ஜாங்கிரியை நான்தான் உங்கள் வாயில் ஊட்டியிருக்கிறேன்.

ஜூனை எடுத்துவிட்டேன். மற்ற இரண்டையும் சந்தேகப்படவில்லை. யாரும் கேட்காமலே ஜூனைச் சொன்ன ஆள் பிப்ரவரியில் பொய் சொல்லியிருக்க மாட்டார். இது பயோகெமிஸ்ட்ரி இல்லை, பதினாறு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. எலியைத் தடவிப் பழக்கிவிட்டு ரத்தம் எடுக்கிறேன். உங்களைப் பந்தியில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். போன தடவை கேட்டது இடத்துக்கான மன்னிப்பு, இது விஷயத்துக்கு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. திருட்டு இல்லை என்றுதான் சொல்கிறேன். உங்கள் எடையும் கல்லீரல் கொழுப்பும் அப்படியேதான் இருக்கின்றன. எலிக்குத் தடவியதை உங்களுக்குத் தடவ முடியாது. எடை குறைய வேண்டும், நடக்க வேண்டும், டாக்டர் மாத்திரை கொடுத்தால் வீம்பில்லாமல் சாப்பிட வேண்டும். டாக்டரிடம் உங்கள் ஷிப்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பகல் ஷிப்ட் வாரம் முடிந்ததும் நான்கு நாள் லீவு போடுங்கள். ஒன்றும் செய்யாமல் ராத்திரியில் ராத்திரி மாதிரி தூங்குங்கள். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து ரத்தம் கொடுங்கள்.

தேவயானி


பிளாக் 19, நெய்வேலி
14 நவம்பர் 2016

அன்புள்ள தேவயானி,

தூங்கினேன். இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் ராத்திரி வழக்கம்போல ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. இரண்டாம் ராத்திரி நான்கு மணி. மூன்றாம் ராத்திரி மழை. ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தேன், போர்வை எதுவும் கட்டவில்லை. எங்கோ மண் மேட்டின் மேல் மழை விழும் சத்தம், கொஞ்ச நேரத்தில் அந்த மழை எனக்குள்ளேயே பெய்வது மாதிரி ஆகிவிட்டது. கனவில் நான் மெஷினில் இல்லை. சுரங்கம் முழுக்கத் தண்ணீர் நின்றிருந்தது, தெளிந்த தண்ணீர், அடியில் பெல்ட்டும் சக்கரமும் தெரிந்தன, எதுவும் ஓடவில்லை. நீ கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கனவு, ஆனால் ராத்திரி முழுக்க நடந்தது.

நான்காம் ராத்திரி கனவே இல்லை. காலையில் எழுந்தபோது காது காதாக மட்டும் இருந்தது. தைல மரத்து ரோட்டில் பனி. அதற்குள்ளேயே நடந்து மந்தாரக்குப்பம் போய் ரத்தம் கொடுத்தேன். லேப் பெண் தனகோட்டி என்னை உற்றுப் பார்த்து "இன்னா சார், பத்து வயசு கொறஞ்சிகினு வந்திருக்கீங்க" என்றாள்.

ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டித் தரச் சொன்னேன். நான் பிரிக்கவில்லை. இத்துடன் இருக்கிறது. முதலில் நீ பார். டிசம்பர் 12 ஆஸ்பத்திரி மெடிக்கலுக்கு அங்கே தனியாக ரத்தம் எடுப்பார்கள், இது அதற்கில்லை, நமக்கு. நான் சொல்லி நீ நம்பினால் அது என்மேல் உள்ள பரிதாபமோ என்று எனக்கு எப்போதும் ஒரு மூலையில் இருக்கும். ரத்தமே உன்னிடம் சொல்லட்டும். குறைந்திருந்தால் தந்தி மாதிரி ஒரு வரி எழுது. குறையவில்லை என்றாலும் எழுது, தாங்கிக்கொள்வேன்.

உன் வேலைக்குப் பதில் சொல்லும் நாள் நெருங்குகிறது. ஜூனில் "அங்கேயே இரு" என்று எழுதியது ஜாங்கிரி தின்ற வாய். நான் நினைப்பது அதுவல்ல. வீடு பெரிதாக இருக்கிறது தேவயானி. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

அறிவு


ஹைதராபாத்
24 நவம்பர் 2016

அன்புள்ளவருக்கு,

உங்கள் கவர் இரண்டு நாளாக என் மேஜைமேல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு தடவை எலி அறைக்குக் கொண்டுபோய்ச் சிவப்பு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். மாணிக்கம்மாள் பார்த்துவிட்டு, "பிரிச்சே பாக்கலாமே, யாரு கேக்கப்போறா?" என்றார். கீழே வைத்துவிட்டேன்.

வேலை விஷயத்தில் ஜனவரி வரை தவணை வாங்கியிருக்கிறேன். அந்தப் பதிலை நான் தனியாக எழுதக் கூடாது. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, நீங்களும் எனக்கு வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நம் வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். டிசம்பர் 3ஆம் தேதி சென்னை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, சாயங்காலம் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்குவேன். இருபது நாள் இருப்பேன். மெடிக்கலுக்கு உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருவேன்.

உங்கள் கவரை ஒட்டியது ஒட்டியபடி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் பிரித்துப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, எனக்குக் காட்ட வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எவ்வளவு என்று கேட்பேன். நீங்கள் வாயால் சொல்லும் எண்ணைத்தான் என் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

உங்கள்
தேவயானி